எஃப்.ஏ. ஃபெயிலான ராமானுஜன் எழுதிய விண்ணப்பங்கள்



பி.காம். கடைசி வருடம். எல்லோரும் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் நேரம். என் மொத்த மதிப்பெண் 54 சதவீதம். வகுப்பு சராசரிக்குக் கீழே. போதாததற்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் இரண்டு முறை அரியர். நான் விண்ணப்பிக்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: "அரியர் இருந்ததா? இருந்தால் காரணம் எழுதவும்." அந்தக் கட்டத்தை மூன்று நாளாக வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் பார்த்த நண்பன் சொன்னான்: "விடு மச்சி, ராமானுஜனே கணக்குல ஃபெயிலு!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையா? நூலகத்தில் போய்ப் படித்துப் பார்த்தேன். உண்மை இல்லை :-) உண்மைக் கதை அதைவிட எனக்கு உபயோகமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதில் ஃபெயில்?

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணத்தில். டவுன் ஹைஸ்கூலில் 1904-ல் கணிதத்துக்குப் பரிசு வாங்கிய மாணவர். உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். (அந்தக் காலத்து எஃப்.ஏ. என்பது பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு. அதில் தேறினால்தான் பி.ஏ.)

ஆனால் அதற்கு முன்பே அவர் கையில் கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று கிடைத்துவிட்டது. சுமார் 5,000 தேற்றங்கள், நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. அதில் மூழ்கியவர் மற்ற பாடங்களைத் திறக்கவே இல்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி எஃப்.ஏ. இந்த முறை உடலியல் பாடம் காலை வாரிவிட்டது. 1907-ல் தனித்தேர்வராக எழுதியபோது கணிதத்தில் தேறி மற்ற பாடங்களில் தோற்றார். கல்லூரிக் கதவு மூடிவிட்டது.

ஆக, கணக்கில் ஃபெயில் இல்லை. "மார்க் முக்கியம் இல்லை" என்பதற்கும் இது உதாரணம் ஆகாது. மார்க் இல்லாததால் அவர் அடுத்த சில வருடம் சாப்பாட்டுக்கே திண்டாடினார்.

நோட்டுப் புத்தகம்தான் சான்றிதழ்

1909-ல் திருமணம் ஆகிறது. வேலை தேட வேண்டும். கையில் பட்டம் இல்லை. இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும்தான்.

1910-ல் அதை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீஸில் போட்டு முடக்க மனம் வராமல், சென்னையில் உள்ள கணிதம் தெரிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படியே பேராசிரியர் சேஷு ஐயர், பிறகு நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் என்று ஒருவர் கை மாற்றி ஒருவர் கை. ராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு மாதம் 25 ரூபாய் சொந்தப் பணத்தில் கொடுத்தார்.

1911-ல் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. என் பார்வையில் திருப்புமுனை இதுதான். அதுவரை அவர் "எஃப்.ஏ. ஃபெயில்". அதன் பிறகு "எஃப்.ஏ. ஃபெயில், ஆனால் அச்சில் ஒரு கட்டுரை".

ஃபெயிலானதை எப்படி எழுதினார்?

1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு வேலை விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதாகவும், எஃப்.ஏ. வரை படித்ததாகவும், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை என்றும் சொல்கிறார். உடனே அடுத்த செய்தி: தன் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டு வருவதாக. பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சிபாரிசு எழுதியிருந்தார். மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை.

கவனித்தீர்களா? தோல்விக்கு ஒரு வரி. அழுகை இல்லை, வாத்தியார் மேல் பழி இல்லை. மீதி எல்லாம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதுதான்.

மறுப்பு, மறுப்பு, பதில்

துறைமுக ஆபீஸில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இவர்கள் ஊக்கப்படுத்த, இங்கிலாந்துக்குக் கடிதங்கள் போயின. லண்டன் பேராசிரியர் ஹில், ராமானுஜன் எங்கே சறுக்குகிறார், எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டி எழுதினார். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களிடம் எழுதியதில் பலன் இல்லை.

மூன்றாவதாக கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஹார்டிக்கு, 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம். எடுத்த எடுப்பிலேயே தான் துறைமுக ஆபீஸில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருடம் 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று சொல்லிவிடுகிறார். கூடவே ஏறத்தாழ 120 தேற்றங்கள். ஹார்டி தன் சகா லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். பிப்ரவரி 8 அன்று நிரூபணங்களைக் கேட்டுப் பதில் எழுதினார்.

அதற்கு ராமானுஜன் பிப்ரவரி 27-ல் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தான் பாதிப் பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காப்பாற்றச் சோறு வேண்டும் என்றும், நீங்கள் பரிவோடு ஒரு கடிதம் எழுதினால் இங்கே உதவித்தொகை கிடைக்க வழி பிறக்கும் என்றும் கேட்டிருக்கிறார். சிபாரிசுக் கடிதம் கேட்கக் கூச்சப்படும் நாமெல்லாம் இதைப் படிக்க வேண்டும்.

விதியைப் படித்துப் பார்த்தவர்கள்

அதே பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தார். அவரும் டிரினிட்டியில் கணிதம் படித்தவர். நோட்டுகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆனால் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரோ எஃப்.ஏ.கூடத் தாண்டாதவர்!

சிண்டிகேட்டில் விவாதம் நடந்தது. பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது, ஆராய்ச்சியை வளர்க்கத்தானே என்று அந்தச் சட்டத்தின் முகவுரையையே காட்டினார்கள். மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலை அறிக்கை கொடுக்க வேண்டும். விதியைத் தளர்த்தினார்கள், கணக்குக் கேட்பதை விடவில்லை. வணிகவியல் மாணவனாக எனக்கு இது பிடித்திருந்தது :-)

அடுத்த வருடம் 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் கிளம்பினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1918-ல் எஃப்.ஆர்.எஸ். எஃப்.ஏ.வில் தோற்றவர் எஃப்.ஆர்.எஸ்.!

கொடுத்த விலை

இங்கே கைதட்டி முடித்துவிடலாம். ஆனால் ஹார்டி பின்னாளில் சொன்னது வேறு. ராமானுஜன் 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் இறந்தது பெரிய சோகம்தான், ஆனால் உண்மையான சோகம் அதைவிட இளம் வயதில் வீணாகப் போன வருடங்கள் என்பது அவர் கருத்து. வழிகாட்ட ஆள் இல்லை, புதுப் புத்தகங்கள் இல்லை. ஏற்கனவே ஐரோப்பாவில் கண்டுபிடித்ததையே அவர் தனியாக மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

நோட்டைப் புரட்டிப் பார்க்க ஒரு ராமசாமி ஐயர் கிடைக்காமல் போன பையன்கள் எத்தனை பேரோ? அவர்களைப் பற்றி எந்தப் புத்தகமும் இல்லை.

என்னுடைய கட்டம்

நான் ராமானுஜன் இல்லை. அவர் கால் தூசுக்கும் வரமாட்டேன். ஆனால் விண்ணப்பம் எழுதும் முறையை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? தோல்வியை ஒளிக்காதே, ஒரு வரியில் சொல். மார்க் சொல்லாததைக் காட்ட, மற்றவர் சரிபார்க்கக்கூடிய ஒரு வேலையைக் கையில் வைத்திரு. உன் வேலையை நேரில் பார்த்தவரிடம் கடிதம் கேள். இரண்டு பேர் மறுத்தால் மூன்றாமவருக்கு எழுது.

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இரண்டு வருடமாக நான்தான் டேலியில் கணக்கு எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இதைப் போய் விண்ணப்பத்தில் எழுதுவதா என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன். நேற்று அண்ணாச்சியிடம் ஒரு கடிதம் கேட்டேன். "எனக்கு என்னடே எழுத வரும், நீ எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். "இல்ல அண்ணாச்சி, நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிடுதேன்" என்றேன். ஒரு பக்கம் வந்தது.

அப்புறம் அந்தக் கட்டத்தை நிரப்பினேன்: "காஸ்ட் அக்கவுண்டிங்கில் இரண்டு முறை தோற்றேன். படிக்கவில்லை, அதுதான் காரணம். மூன்றாவது முறை 61 வாங்கித் தேறினேன்."

படிவம் நாளைக்குப் போகிறது. இடம் கிடைக்குமா தெரியாது. கிடைக்காவிட்டால் அடுத்த கல்லூரிக்கு எழுதுவேன்.