தைத்து வைத்த சோழ தேசம்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜ சோழனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளையும் அவர்கள் சுற்றத்தாரின் சொத்துகள் பறிபோனதையும் சொல்லும் அந்தக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன் என்ற பெயர்கள் வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடோ, சிற்றப்பன் உத்தம சோழனுக்கு அரியணை மீது ஆசை இருக்கும் வரையில் அருண்மொழி (ராஜராஜனின் இயற்பெயர்) மனத்தாலும் அதை விரும்பவில்லை என்று புகழ்கிறது. ஒரு கொலை, ஒரு கல்யாணம், ஒரு விட்டுக்கொடுத்தல். வரலாறு மிச்சம் வைத்தது சில வரிகளே.

அந்தச் சில வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்தாளர் கல்கி 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைத் தொடங்கினார். நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகள் அவருக்குத் துணை நின்றன. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் அவருடைய சொந்தப் படைப்பு. 1954 மே மாதம் வரை, ஐந்து பாகங்களாக மூன்றரை ஆண்டு தொடர் ஓடியது. வந்தியத்தேவனின் குதிரையையும் குந்தவையின் கொண்டையையும் தமிழர் கண்ணில் பதியவைத்தவர் ஓவியர் மணியம்.

நான் இங்கே வரலாறு எழுத விரும்புவது நாவலுக்கு அல்ல, அந்த நாவல் வீடுகளில் எடுத்த உருவத்துக்கு. வாரா வாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்த பைண்டு தொகுதிக்கு.

அரண்மனைக் கதைக்கு வாராந்தரத் தொடரைப் போலப் பொருத்தமான வடிவம் வேறில்லை. அரசவையில் எதுவும் உடனே வெளிப்படாது. மூடிய பல்லக்குக்குள் இருப்பது யார், சுரங்கப்பாதையில் போவது யார், ஓலையில் என்ன இருக்கிறது என்று எல்லாமே காத்திருப்பில்தான் சுவைபெறும். நாவலில், சிற்றரசர் பழுவேட்டரையரின் ஊர்வலத்தில் மூடுபல்லக்கின் திரையை ஒரு பெண்ணின் கை விலக்குகிறது. கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டத்திலோ, அதே பல்லக்கிலிருந்து மகுடத்துக்கு ஆசைப்படும் மதுராந்தகன் இறங்குகிறான். இன்று ஒரே மூச்சில் படிப்பவருக்கு இடையில் இருப்பது சில அத்தியாயங்கள். அன்றைய வாசகருக்கோ அடுத்த இதழ், அதற்கடுத்த இதழ் என்று நீண்ட தவிப்பு. அந்த நாள்களில் திண்ணையிலும் அடுக்களையிலும் அலுவலகத்திலும் ஆளுக்கொரு ஊகம் ஓடியது. காதலும் பதவி ஆசையும் எப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கின்றன என்பதை ஊர் முழுக்கச் சேர்ந்து யோசித்தது.

பிரித்தெடுப்பது பொறுமையான வேலை. முதலில் இதழின் நடுவில் இருக்கும் கம்பிப் பின்னை நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தாள் கிழியும். வீட்டில் கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை யாரும் கைவைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒரு பாகம் முடிந்ததும் கட்டு பைண்டரிடம் போகும். அவர் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு நூல் கோத்துத் தைப்பார். பசை தடவி, காலிகோ துணி முதுகு வைத்த கெட்டி அட்டை போடுவார். பிறகு மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார். அந்த வெட்டில் சில இடங்களில் குதிரையின் வால்நுனி போகும், சில இடங்களில் வரியின் கடைசி எழுத்து போகும்.

அந்தத் தொகுதியைப் புரட்டினால் சோழநாட்டுக்குப் பின்பக்கத்தில் 1950களின் தமிழ்நாடு இருக்கும். குந்தவையும் வந்தியத்தேவனும் பேசிக்கொண்டிருக்கும் தாளைத் திருப்பினால் கூந்தல் தைலத்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் விளம்பரம். இன்னொரு பக்கத்தில் வேறு யாரோ எழுதிய சிறுகதையின் தொடக்கம் மட்டும் நிற்கும். அதன் முடிவு இருந்த தாள் தொகுதியில் சேரவில்லை. நிகழ்காலத்தின் நடுவில் உட்கார்ந்துதான் பழைய அரசவையை மக்கள் படித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தைத்த தொகுதி ஒரு வீட்டோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனது, கோடை விடுமுறையில் பேருந்தேறி அத்தை ஊருக்குப் போனது, வாடகை நூலகங்களின் அலமாரிக்கும் போனது. முதல் பக்கத்தில் உரியவர் பெயரும் பத்திரமாகத் திருப்பித் தரும்படி ஒரு வேண்டுகோளும் இருக்கும். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் வாய்விட்டுப் படித்தார்கள். பள்ளியில் பட்டியலாக மனப்பாடம் செய்த சோழ மன்னர்கள் இங்கே ஆசையும் அச்சமும் உள்ள மனிதர்களாக வந்து நின்றார்கள்.

தொடர் முடிந்த சில மாதங்களில், 1954 டிசம்பர் 5 அன்று, கல்கி மறைந்தார். கதை நடந்துகொண்டே இருந்தது. இதழிலேயே மீண்டும் மீண்டும் தொடராக வந்தது. வினு, பத்மவாசன் போன்றோர் புதிதாகப் படம் வரைந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறை புதிதாகப் பிரித்தெடுத்துத் தைத்தது. 1990களின் இறுதியில் கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமையாக்கியதும் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்டன. 1999இல் மேஜிக் லேன்டர்ன் குழு மேடையேற்றியது. 1958இல் எம்.ஜி.ஆர். அறிவித்துக் கைகூடாத திரைப்படம், மணிரத்னத்தின் கையில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்தது. ‘கல்கி’ அச்சிதழோ 2020இல் நின்றுவிட்டது. பிரித்தெடுக்க இனி தாள் இல்லை.

மலிவுப் பதிப்பில் சொல் குறையாமல் இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவற்றில் மணியத்தின் படங்கள் இல்லை, பின்பக்கத்து உலகம் இல்லை, காத்திருப்பின் தடமும் இல்லை. நாவலை எழுதியவர் கல்கி. அதை ஒரு சமூகம் எப்படிப் படித்தது என்று எழுதிவைத்தவர்கள் பெயர் தெரியாத வாசகர்களும் பைண்டர்களும். அந்த இரண்டாவது வரலாற்றுக்கு இந்தத் தொகுதிகளே ஆவணம். உடையார்குடிக் கல்வெட்டு பிழைத்தது கல் என்பதால். இவை செய்தித்தாள் ரகத் தாள்; மடித்த இடத்தில் ஒடியும், பசையைத் தேடிப் பூச்சி வரும்.

ஆகவே, பரணில் அப்படியொரு தொகுதி இருந்தால் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். விளம்பரப் பக்கங்களையும் விடாமல் படமெடுத்து வையுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போல அச்சுத் தமிழைப் பாதுகாக்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். சோழர் வீட்டுச் சண்டையைச் சில வரிகளிலிருந்து மீட்டெடுக்க ஆயிரம் ஆண்டும் ஒரு கல்கியும் தேவைப்பட்டார்கள். நம் வீட்டு வாசிப்பை மீட்க, இப்போதைக்கு, பரணில் ஏறி இறங்கினால் போதும்.