எல்லையைக் கடந்த தண்டவாளம்

தவளக்குப்பத்துக்கு ரயில் கிடையாது. கடலூர் சாலையோடு வளர்ந்த ஊர் அது. தெற்கே முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு வந்துவிடும். புதுச்சேரியிலிருந்து கடற்கரையோரமாகக் கடலூருக்குப் பாதை போடும் பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. இங்குள்ளவர்கள் ரயிலேற வடக்கே சுப்பையா சாலையிலுள்ள புதுச்சேரி நிலையத்துக்குப் போகிறார்கள். தென்னாட்டில் பழைய ரயில் நிலையம் ஒன்றைச் செப்பனிட்டு அருங்காட்சியகம் வைப்பதென்றால், அதற்கு முதல் உரிமை இந்த நிலையத்துக்கே உண்டு என்பேன். ராயபுரத்துக்குத்தானே அந்த உரிமை என்று பலரும் கேட்பார்கள். 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் புறப்பட்ட இடம் ராயபுரம். இந்தியாவில் இன்று எஞ்சி நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையதும் அதுவே. 2005இல் அதைப் புதுப்பித்தார்கள், அந்தப் பெரிய தூண்கள் பிழைத்தன. நல்ல காரியம்தான். ஆனால் வழியில் ஏறி இறங்கும் பயணிக்கு, அங்கிருந்து என்னென்ன சரக்கு போயிற்று, யார் போனார்கள் என்பதை அந்தத் தூண்கள் சொல்வதில்லை. பழமை ஒன்றே தகுதி என்றால் சுண்ணாம்பும் சாந்தும் போதும். அருங்காட்சியகத்துக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு வரலாறு வேண்டும்.

புதுச்சேரியிடம் அது இருக்கிறது. 1879இல் விழுப்புரத்திலிருந்து வந்த மீட்டர் கேஜ் பாதை, ஆங்கிலேயர் மண்ணில் தொடங்கிப் பிரெஞ்சு மண்ணில் முடிந்தது. இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்ட பிறகே அதை அமைக்க முடிந்தது. பிரெஞ்சுப் பகுதிக்குள்ளும் வண்டிகளை ஓட்டியது ஆங்கிலேயரின் தென்னிந்திய ரயில்வேதான். வளவனூரைக் கடந்து, சின்னபாபுசமுத்திரத்துக்கும் வில்லியனூருக்கும் இடையே எங்கோ சக்கரம் உருளும்போதே சட்டம் மாறிவிடும், வரி மாறிவிடும். தென்னார்க்காட்டு மல்லாட்டை இந்த வழியாகத் துறைமுகம் சேர்ந்து, மார்சேய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறியது. விழுப்புரம் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஒரு குடியானவன் எதை விதைப்பது என்பதில் பிரான்சின் சந்தைக்கும் பங்கு இருந்தது என்றால், அந்தக் கணக்கை வைத்துக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதே எல்லைதான் 1908இல் பாரதிக்கு அரண் ஆயிற்று. 'இந்தியா' பத்திரிகை புதுச்சேரியிலிருந்து வெளிவந்ததும், ஆங்கிலேயரின் ஒற்றர்கள் இந்நகரை மொய்த்ததும் அந்த அரணால்தான்.

இது வெள்ளைக்காரன் பெருமை பாடுவதாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. என்ன வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஆளுநர்களின் படங்களை மட்டும் மாட்டினால் அப்படித்தான் ஆகும். நிலையத்தின் முன்னுள்ள சாலை யார் பெயரைத் தாங்கியிருக்கிறது என்று பாருங்கள்: ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய வ. சுப்பையா. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். மூட்டை தூக்கியவர்களும் நூல் நூற்றவர்களும் இல்லாமல் இந்த ரயிலின் கதையைச் சொல்லவே முடியாது.

ரயில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் காட்சிக்கூடத்துக்கு இடம் ஏது என்பார்கள். இலங்கையில் கடுகண்ணாவையில் 2014இல் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்டிப் பாதையில் இன்றும் வண்டிகள் போய்வர, அதன் பக்கத்திலேயே பழைய எஞ்சின்கள் நிற்கின்றன. புதுச்சேரிக்கு அத்தனை இடம்கூடத் தேவையில்லை. ஒரு சரக்குக் கொட்டகை, ஒரு துண்டு மீட்டர் கேஜ் தண்டவாளம், எல்லை குறித்த ஒரு வரைபடம், பிரெஞ்சிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரிந்து கிடக்கும் ஆவணங்களின் படிகள் போதும். அகலப்பாதை வந்தபின் மீட்டர் கேஜ் இங்கே கண்ணில் படுவதில்லை. நிலையத்தைப் பெரிதாக்கும் வேலைகள் நடக்கும் போதெல்லாம் பழைய இரும்பும் பழைய பதிவேடும்தான் முதலில் கழிவாகின்றன. ஆகவே கட்டட வரைபடம் போடும்போதே கொட்டகைக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். பிறகு தேடினால் பொருளும் இருக்காது.