ஆர்.வி வண்டியின் கேஸ் லைனில் பார்பிக்யூ கிரில்லை இணைக்கலாமா? ரெகுலேட்டரில் இருக்கும் சிக்கல் என்ன?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து லாங் வீக்எண்டுக்கு ஆர்.வி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்.வி என்றால் தெரியும்தானே, படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் நடமாடும் வீடு. சிக்கனுக்கு மசாலா தடவி ஊறவைத்தாச்சு. கையோடு கொண்டுவந்த சின்ன கிரில் 1 பவுண்டு பச்சை சிலிண்டரில் எரிகிறது. பாதி சிக்கன் வேகும்போதே அது தீர்ந்துவிடுகிறது. வண்டியின் முன்பக்கத்திலோ 20 பவுண்டு சிலிண்டர் இரண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. 'இதிலிருந்தே ஒரு ட்யூப் இழுத்தால் என்ன?' என்று தோன்றும்.

இழுக்கலாம், நிறைய பேர் செய்கிறார்கள். ஆனால் எந்த இடத்திலிருந்து இழுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம்ம வீட்டு அடுப்பிலிருந்து தொடங்குவோம்

ஊரில் 14.2 கிலோ சிலிண்டரின் தலையில் ரெகுலேட்டர் இருக்கும். அது கேஸின் அழுத்தத்தைச் சுமார் 30 மில்லிபாருக்குக் குறைத்து அனுப்பும். அடுப்பில் தனியாக ரெகுலேட்டர் கிடையாது. ஆர்.வி-யும் அதே மாதிரிதான். சிலிண்டர் பக்கத்திலேயே ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அது தரும் அழுத்தத்தை அமெரிக்காவில் '11 அங்குல நீர் உயரம்' என்று அளப்பார்கள். சுமார் 0.4 பி.எஸ்.ஐ, அதாவது கிட்டத்தட்ட நம்ம வீட்டு அடுப்புக்கு வரும் அதே அளவு.

சிலிண்டருக்குள் இருப்பது வேறு கதை. மிதமான வெயில் நாளிலேயே 100 பி.எஸ்.ஐ-க்கு மேல் இருக்கும். கார் டயரில் நீங்கள் அடிக்கும் காற்றைப் போல மூன்று மடங்கு.

போர்ட்டபிள் கிரில் இந்த முழு அழுத்தத்தையும் நேராக வாங்குகிறது. அதனால் அதன் ரெகுலேட்டரை கிரில்லின் மேலேயே வைத்திருக்கிறார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

தீ ஏன் சோம்பலாக எரிகிறது?

பல டிரெய்லர் வகை ஆர்.வி-களின் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ 'குவிக் கனெக்ட்' என்ற சின்ன வாய் இருக்கும். இது வண்டியின் ரெகுலேட்டரைத் தாண்டி வரும் லைன். அதாவது ஏற்கெனவே அழுத்தம் குறைந்த கேஸ். இதில் உங்கள் கிரில்லை அப்படியே மாட்டினால், குறைந்த அழுத்தத்தை கிரில்லின் ரெகுலேட்டர் இன்னொரு முறை குறைக்கும். தீ மினுக்கு மினுக்கென்று எரியும், சிக்கன் வேகாது. வேறு பெரிய ஆபத்து இல்லை.

தீர்வு, கிரில்லின் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த மாடலுக்கென்றே விற்கும் லோ-பிரஷர் அடாப்டரைப் போடுவது. வெபர், பிளாக்ஸ்டோன் போன்றவற்றின் சில சின்ன மாடல்களுக்கு இது கிடைக்கிறது. ரெகுலேட்டருக்குள் டிரில் போட்டு 'காலி' பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். இன்னொன்று, சில கேம்பிங் அடுப்புகள் அதிக அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் என்ன மாற்றினாலும் இந்த லைனில் சரியாக எரியாது. மேனுவலை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

தலைகீழாகச் செய்தால்தான் விபரீதம்

குவிக் கனெக்ட் இல்லாத வண்டிகளில், சிலிண்டருக்கும் வண்டியின் ரெகுலேட்டருக்கும் நடுவில் ஒரு 'டி' இணைப்பு போட்டு கேஸ் எடுப்பார்கள். இங்கே வருவது முழு அழுத்தம். இந்த இடத்தில் கிரில்லின் ரெகுலேட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். போன டிரிப்பில் கழற்றி வைத்த கிரில்லை ஞாபகமில்லாமல் இதில் மாட்டினால், பர்னருக்குப் போக வேண்டியதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் உள்ளே பாயும். அது சமையல் தீயாக இருக்காது. மாற்றியமைத்த கிரில்லின் மேல் 'ரெகுலேட்டர் இல்லை' என்று மார்க்கரில் எழுதி வைத்துவிடுவது நல்லது. அடுத்து எடுப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.

பற்றவைக்கும் முன்

கேஸுக்கென்றே தயாரித்த ஹோஸ் மட்டும் வாங்குங்கள். கிரில் குமிழ் மூடியிருக்க, ஹோஸை மாட்டி, வண்டி வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உடனே மூடுங்கள். பற்றவைக்கும்போது கிரில் மூடி திறந்தே இருக்கட்டும்.

கிரில்லை எங்கே வைப்பது? புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போய்விடாது, தரையோடு பரவி வண்டிக்கு அடியில் தேங்கும். பல ஆர்.வி-களில் ஃப்ரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் கேஸில் ஓடுபவை. வண்டியின் வெளிச்சுவர் கிராதிக்குப் பின்னால் அவற்றின் தீ எரிந்துகொண்டே இருக்கலாம். நீங்கள் தீப்பெட்டியே எடுக்காவிட்டாலும் கசிந்த கேஸுக்கு அது போதும். அதனால் அந்தக் கிராதிகளிலிருந்தும், துணிக் கூரையிலிருந்தும் கிரில்லைத் தள்ளியே வையுங்கள். மழை வந்தாலும் கூரைக்கு அடியில் இழுத்துவிடாதீர்கள்.

முடித்ததும் முதலில் வண்டியின் வால்வை மூடுங்கள். ஹோஸில் மிச்சம் இருப்பது எரிந்து தீரட்டும், பிறகு குமிழை மூடிக் கழற்றலாம்.

வாடகை வண்டி என்றால்?

'டி' இணைப்பு போடுவது உங்கள் வண்டியில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். குவிக் கனெக்ட் இருந்தாலும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பச்சை சிலிண்டரையே நம்பியிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 1 பவுண்டு சிலிண்டரின் விற்பனை கலிஃபோர்னியாவில் 2028 தொடக்கத்திலிருந்து தடை செய்யப்படுகிறது.

இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் சுலபமான வழி ஒன்று உண்டு. தனியாக ஒரு 20 பவுண்டு சிலிண்டரும், அதை உங்கள் கிரில்லோடு இணைக்கும் அடாப்டர் ஹோஸும் வாங்கிக்கொள்ளுங்கள். கிரில்லின் ரெகுலேட்டர் இருந்த இடத்திலேயே இருக்கும், வண்டியின் லைனைத் தொடவே வேண்டாம்.