கிர்க்டேல் சூரியக் கடிகாரமும் அதன் சாசனமும்: ஒரு பொருள் விசாரம்

ஒரு சாசனத்தின் பொருளை நிர்ணயிக்குமிடத்து, அதிலுள்ள பெயர்களைக் காட்டிலும் வினைகளும் உருபுகளுமே பெரிதும் துணைசெய்யும். ஒரு விகுதியையோ ஓர் ஏகாரத்தையோ கொண்டு பாசுரத்தின் கருத்தை நிர்வஹிக்கும் பூர்வாசார்யர்களின் வியாக்கியானங்களில் பழகிய நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அம்முறையைப் பிறதேசத்துக் கல்லெழுத்து ஒன்றில் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பிரதேசத்தில், கிர்க்டேல் என்னும் பள்ளத்தாக்கில் புனித கிரெகொரியின் பெயரால் விளங்கும் பழைய ஆலயம் ஒன்றுண்டு. அதன் தெற்கு வாயிலுக்கு மேலே ஏறத்தாழ 8 அடி நீளமுள்ள ஒரே கல் பதிக்கப்பட்டுள்ளது. அக்கல் மூன்று பகுதிகளாக அமைந்தது. நடுவில் அரைவட்ட வடிவில் சூரியக் கடிகாரம், இருமருங்கும் சாசனம், கடிகாரத்தின் மேலும் கீழும் தனித்தனி வாசகங்கள். அந்நாளைய ஆலயங்களில் இலத்தீன் மொழியே சாசனங்களுக்குப் பெரிதும் வழங்கியதாயினும், இது நாட்டு மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

இருமருங்கிலும் உள்ள வாசகத்தின் திரண்ட பொருளாவது: கமாலின் மகனான ஓர்ம் என்பவன், முற்றும் உடைந்தும் விழுந்தும் கிடந்த புனித கிரெகொரியின் ஆலயத்தை விலைக்கு வாங்கி, கிறிஸ்துவுக்கும் புனித கிரெகொரிக்கும் உரியதாக, அடித்தளம் முதற்கொண்டு புதிதாகச் செய்வித்தான், இது எட்வர்டு அரசனின் நாட்களிலும் டோஸ்டி பிரபுவின் நாட்களிலும் நிகழ்ந்தது. கடிகாரத்தின் மேலுள்ள வாசகம், இது ஒவ்வொரு பொழுதிலும் பகலின் சூரியக் குறி என்கிறது. கீழுள்ளது, ஹாவர்த் என்னைச் செய்தான் என்று கூறி, பிராண்டு என்னும் குருவின் பெயரையும் உடன் சேர்க்கிறது.

டோஸ்டி நார்தம்பிரியாவின் பிரபுவாக இருந்தது 1055 முதல் 1065 வரை. எனவே இக்கல் அப்பத்தாண்டுகளுக்குள் அமைந்தது என்பது தெளிவு. இனி, சாசனத்தில் ஆராயத்தக்க மூன்று இடங்களைக் காண்போம்.

முதலாவது, பொழுது என்று நாம் பொருள்கொண்ட ‘தீத்’ என்னும் சொல். இதனை இக்காலத்து மணி என்று கொள்வாருளர். அது பொருந்தாது. வடநாட்டார் பகலும் இரவும் சேர்ந்த நாளை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தனர், பகலுக்கு நான்கு. நம் நாட்டில் எட்டு யாமம் என வழங்குவதை இது பெரிதும் ஒத்தது. கல்லிலுள்ள அரைவட்டம் அந்நான்கையும் இவ்விரண்டாகப் பகுத்து எட்டுக் கூறுகளாகக் காட்டுகிறது. மேலும், நிழல் காட்டும் கோல் சுவரினின்று நேரே வெளிநோக்கி நீட்டப்பட்டிருந்தமையால், நண்பகல் நீங்கலாகப் பிற பொழுதுகளில் நிழல் விழுமிடம் பருவந்தோறும் மாறும். அத்தகைய கருவிக்கு நுண்ணிய மணிக்கணக்கு இயலாது. யாமக் கணக்கே இயலும். ஆதலின் ‘ஒவ்வொரு யாமத்திலும்’ என்பதே சொல்லுக்கும் கருவிக்கும் ஒத்த பொருள்.

இரண்டாவது, வினைகளின் வேறுபாடு. ஓர்மைப் பற்றிச் சொல்லுமிடத்துச் செய்வித்தான் என்னும் பிறவினைப் பொருளும், ஹாவர்த்தைப் பற்றிச் சொல்லுமிடத்துச் செய்தான் என்னும் தன்வினைப் பொருளும் வந்துள்ளன. பொருள் கொடுத்தவன் வேறு, கைத்தொழில் செய்தவன் வேறு என்பதைக் கல் மயக்கமறக் காட்டுகிறது. அதற்கும் மேலே ஒரு விசேஷம் உண்டு. ஓர்மின் செயலைப் படர்க்கையில் சொன்ன அக்கல், ஹாவர்த்தைச் சொல்லும்போது மட்டும் ‘என்னை’ என்று தன்மையில் பேசுகிறது. செல்வனுக்கு நீண்ட வாசகம் கிடைத்தது. தொழிலாளிக்கோ கல்லே வாய்திறந்து சாட்சி சொல்கிறது.

மூன்றாவதும் முக்கியமானதும், ‘டோஸ்டியின் நாட்களில்’ என்னும் தொடர். இதைக் கொண்டு ஓர்ம் அப்பிரபுவிடம் பற்றுடையவன் என்று கருத இடமுண்டு. ஆனால் வரலாறு வேறு செய்தியைத் தருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் வூஸ்டர் நகரத்து ஜான் எழுதிய வரலாற்றின்படி, ஓர்மின் மகன் கமால் என்பவனை, சமாதான உடன்படிக்கை என்ற பெயரால் யார்க் நகருக்கு வரவழைத்து, தன் அறையிலேயே கொல்வித்தான் டோஸ்டி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தையும் இரு பெயர்களின் ஒற்றுமையையும் நோக்கி, கொலையுண்டவன் இச்சாசனத்து ஓர்மின் குடும்பத்தவன் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. 1065 அக்டோபரில் நாட்டார் கிளர்ந்தெழுந்து டோஸ்டியை அகற்றினர். அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இக்கொலையும் ஒன்று.

அவ்வாறாயின் கல்லில் டோஸ்டியின் பெயர் நின்றது எங்ஙனம்? உருபே இதற்கு விடை. சாசனம் அரசனையும் பிரபுவையும் எவ்வினைக்கும் கருத்தாவாக்கவில்லை. அடைமொழி ஒன்றும் கொடுக்கவில்லை. காலத்தைக் காட்டும் ஏழனுருபின் பொருளில் மட்டுமே நிறுத்துகிறது. வாங்கியவன் ஓர்ம், செய்தவன் ஹாவர்த், ஏற்றவர் கிறிஸ்துவும் கிரெகொரியும். ஆள்வோர் இருவரும் காலக் குறிகளே. ஆகவே இத்தொடரைக் காலநிர்ணயமாகக் கொள்ளலாமேயன்றி, ஓர்மின் மனத்துக்குச் சாட்சியாகக் கொள்ளலாகாது.

‘நாள்’ என்னும் சொல் இக்கல்லில் இருவகையாக ஆளப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கது. ஓரிடத்தில் அரசரின் நாட்கள்; மற்றோரிடத்தில் சூரியனின் நாள். முன்னவை விரைவில் முடிந்தன. எட்வர்டு 1066 ஜனவரியில் மறைந்தார். டோஸ்டி அவ்வாண்டு செப்டம்பர் 25-இல் ஸ்டாம்ஃபோர்டு பாலத்துப் போரில் மாண்டான். கடிகாரத்தின் மீதும் இப்போது வெயில் படுவதில்லை. பிற்காலத்தில் வாயிலின் முன் எழுப்பிய மண்டபம் அதனை நிழலில் வைத்துள்ளது. மழையும் பனியும் தாக்காமல் எழுத்தைக் காப்பதும் அந்த மண்டபமே. பொழுதைக் காட்டும் தொழில் கல்லுக்கு நின்றுபோயிற்று. ஜீர்ணோத்தாரணம் செய்வித்தவன் பெயரும் செய்தவன் பெயரும் ஆங்கே நிற்கின்றன.