கையிலுள்ள கைங்கர்யம்: குலமும் கோயிற்பணியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் குலம் பற்றிய விசாரம் எழும்போதெல்லாம், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அருளிய ஆசார்ய ஹ்ருதயம் எடுத்துக்காட்டப்படும். அதன் முதற் பிரகரணத்திலுள்ள நீண்ட சூர்ணிகையொன்று, பிறப்பால் தாழ்ந்தவராகக் கருதப்பட்ட அடியார்களை உயர்ந்தோர் பின்பற்றிய வரலாறுகளைத் தொகுத்து வைக்கிறது. அவற்றுள் மூன்று, மூன்று திவ்யதேசங்களைச் சார்ந்தவை. திருமலையில் மண்ணால் பூச் சமைத்துச் சாத்திய குறும்பறுத்த நம்பியைத் தொண்டைமான் சக்ரவர்த்தி பின்பற்றினார். கச்சியில் ஆலவட்டம் பணிசெய்த திருக்கச்சி நம்பியை எம்பெருமானார் பின்பற்றினார். திருவரங்கத்தில் வீணையும் கையுமாய் நின்ற திருப்பாணாழ்வாரை லோகஸாரங்க முனிவர் தோளில் எழுந்தருளப் பண்ணினார். நாயனார் இம்மூவரையும் பெயரிட்டோ குலமிட்டோ சுட்டவில்லை. கையிலிருந்த பூவையும் ஆலவட்டத்தையும் வீணையையும் இட்டே சுட்டுகிறார். பெயர்களை மணவாள மாமுனிகளின் வ்யாக்யானத்தைக் கொண்டே அறிகிறோம்.

இவ்வாறு சுட்டுவதற்கு வரலாற்றுப் பொருளும் உண்டு. இடைக்காலத்தில் ஊரின் பொதுவாழ்வு பெரும்பாலும் கோயிலைச் சூழ்ந்தே நடந்தது. நிலமும் நந்தவனமும், ப்ரஸாதப் பங்கும் தீர்த்த மரியாதையும், புறப்பாட்டில் நிற்கும் இடமும் கைங்கர்யத்தோடு பிணைந்திருந்தன. ஆகவே ஒருவர் கையில் எந்தக் கைங்கர்யம் இருந்தது என்பது, அவருக்கு ஊரில் எந்த இடம் இருந்தது என்பதையும் காட்டும்.

அதே சூர்ணிகை வேறொரு சரட்டையும் கோத்துத் தருகிறது. விதுரருக்குத் தர்மபுத்ரர் செய்ததும், ஜடாயுவுக்குப் பெருமாள் செய்ததும், மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பி செய்ததுமாகிய அந்திமக் கிரியைகள் அங்கே ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. மாறனேரி நம்பி ஆளவந்தாரின் சிஷ்யர், நான்காம் வருணத்தவர். அவருக்குப் பெரிய நம்பி ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்ததைச் சுற்றத்தார் பொறுக்காமல் அவரை விலக்கினர். எம்பெருமானார் காரணம் வினவியபோது, அடியார் பெருமை பேசும் திருவாய்மொழிப் பதிகங்கள் வெறும் கடலோசையாய் முடிய வேண்டுமோ என்ற கருத்துப்பட நம்பி விடையளித்ததாக குருபரம்பரை கூறும். அருளிச்செயலின் பொருள் அனுஷ்டானத்தில் தெரிய வேண்டும் என்பதே அவ்விடையின் உயிர். அதற்கு அவர் கொடுத்த விலை ஸமூக விலக்கு.

அனுஷ்டானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் ஆசார்யர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பாகவதருடைய பிறப்பை ஆராய்வது, அர்ச்சாவதாரத் திருமேனி எந்த உலோகத்தால் ஆனது என்று ஆராய்வதைக் காட்டிலும் க்ரூரமான அபசாரம் என்பது ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யரின் நிலை. வேதாந்த தேசிகரோ ரஹஸ்யத்ரயஸாரத்தின் ப்ரபாவவ்யவஸ்தாதிகாரத்தில், பாகவதரின் பெருமையைப் போற்ற வேண்டும் என்று இசைந்தே, தேகம் உள்ளளவும் ஜாதி வ்யவஸ்தை நீங்காது என்று நிறுவுகிறார். திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரானுக்கு முனிவாஹன போகம் என்னும் உரையருளியவரும் அவரே. போற்றுதலில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். கோயிலில் யாருக்கு எந்தப் பணி உரியது என்னும் வினாவுக்கோ, ரஹஸ்ய க்ரந்தங்களைவிடக் கோயிலொழுகும் கல்வெட்டுகளும் நேரான சான்று தருகின்றன.

பல நூற்றாண்டுகளில் விரிந்த கோயிலொழுகு, திருவரங்கத்துப் பணிகளை எம்பெருமானார் பத்துக் கொத்துகளாக வகுத்ததை விவரிக்கிறது. அந்தணரல்லாதாருக்கும் அவ்வேற்பாட்டில் வரையறுத்த இடம் இருந்தது. இங்கே ஸமத்வம் முழுமையாக இருந்தது என்று கூற இயலாது. திருமேனி தீண்டும் பணி அந்தணரிடமே நின்றது. ஆயினும் அந்தணரல்லாதார் பெற்ற இடம் ஒருவருடைய தயவைச் சார்ந்ததன்று, எழுதி வைக்கப்பட்ட முறை. எம்பெருமானார் காவிரியில் நீராடி மீளும்போது பிள்ளை உறங்காவில்லிதாஸரின் கையைப் பற்றி எழுந்தருளினார் என்னும் வரலாறு மனத்தை உருக்கும். ஆனால் அந்தக் கைப்பற்று ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும்; கொத்தில் பெற்ற இடம் தலைமுறை கடந்து செல்லும்.

திருமலை திருப்பதிக் கல்வெட்டுகள் இதற்குத் தெளிவான சான்று. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸாளுவ நரஸிம்ஹர் நிறுவிய ராமானுஜகூடங்கள் கந்தாடை ராமானுஜ அய்யங்காரின் பொறுப்பில் விடப்பட்டன. அவருடைய சிஷ்யர்களான சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்கள், அதாவது பூணூல் சாத்தாதவர்கள், நந்தவனப் பணியும் ப்ரஸாதப் பங்கும் பெற்றனர். தளிகை சமர்ப்பித்தவருக்குரிய நாலிலொரு பங்கான விட்டவன் விழுக்காடு ராமானுஜகூடத்திற்கு அளிக்கப்பட்டதால் அவர்களுடைய இடம் உறுதிபெற்றது. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் அந்த இடம் சுருங்கியது. நூல்களில் அடியார் பெருமை குறையவில்லை. ஆதரித்த அரசும் பொறுப்பாளரும் மாறியபோது பங்குதான் குறைந்தது.

மேல்கோட்டையில் நிலை வேறு. செல்வப்பிள்ளையை மீட்டு எழுந்தருளப் பண்ணுவதில் துணைநின்றோரை எம்பெருமானார் திருக்குலத்தார் என்று அழைத்ததாக ஸம்ப்ரதாயம் கூறும். அவர்களுக்குக் கிட்டிய கோயில் நுழைவுரிமையோ ஆண்டில் மூன்று நாள்களுக்கு மட்டுமே. பெயரில் திருக்குலம், உரிமையில் மூன்று நாள். எஞ்சிய நாள்களெல்லாம் அவர்கள் மதிலுக்கு வெளியே நின்றனர்.

அந்த மதில் சட்டத்தால் திறக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான். சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் கோயில் நுழைவை அனுமதித்தோருக்குப் பாதுகாப்பளித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவை உரிமையாக்கியது. அர்ச்சகர் நியமனத்தில் வாரிசு முறையை 1971ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நீக்கியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்று, நியமனம் ஆகம விதிக்கு உட்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. ஸேவிக்கும் உரிமை இவ்வாறு தீர்ந்தது. கைங்கர்ய உரிமை பற்றிய விவாதம் இன்றும் நீடிக்கிறது.

இவ்விவாதத்தில் பூர்வாசார்யர்களின் வாக்கை இரு தரப்பாரும் எடுத்தாள்கின்றனர். பாகவத ப்ரபாவம் கூறும் பகுதிகளை மட்டும் காட்டி, ஸம்ப்ரதாயத்தில் ஏற்றத்தாழ்வே இருந்ததில்லை என்பது மேல்கோட்டையின் மூன்று நாள்களை மறைப்பதாகும். தடைகளை மட்டும் காட்டி, அது ஏற்றத்தாழ்வு ஒன்றையே காத்தது என்பது பத்துக் கொத்தையும் ராமானுஜகூடத்தையும் மறைப்பதாகும். நாயனார் அந்தரங்கர் என்று போற்றிய மூவருக்கும் அடையாளம் கையிலிருந்த கைங்கர்யமே. ஆதலின் வ்யாக்யானங்களில் அடியார் பெருமையை ஆராய்வோர், அந்தந்தக் காலத்தில் அவ்வடியார் கையில் எந்தப் பணி இருந்தது, எந்தப் பங்கு எழுதப்பட்டது, எப்போது பறிபோனது என்பவற்றையும் கோயிலொழுகிலும் கல்வெட்டிலும் தேடுதல் வேண்டும். பெரிய நம்பியின் வினாவுக்கு வரலாறு தரும் விடை அங்கேதான் பதிவாகியுள்ளது.