அயலார் காத்த அமைதி

ஒரு நாட்டில் போர் மூளுவதற்கு ஒரு நாள் போதும். அது முற்றும் ஓய்ந்து, உழவன் அச்சமின்றி வயலுக்குச் செல்லும் நிலை வருவதற்கு ஒரு தலைமுறைகூடப் போதாது. பகைவர் இருவரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டால் சமாதானம் பிறந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கடினமான வேலை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் இன்று யாரை நம்பித் துப்பாக்கியைக் கீழே வைப்பார்கள்? இந்த நம்பிக்கையின்மையை அகற்றவே அயல்நாட்டுப் படைகள் காவலுக்கு அழைக்கப்படுகின்றன. அத்தகைய காவல் எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாதது என்பதற்கு மொசாம்பிக் நாட்டின் வரலாறு நல்லதொரு சான்று.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கிழக்கே, இந்துமாக்கடலின் கரையோரமாக நீண்டு கிடப்பது மொசாம்பிக். போர்ச்சுக்கீசியரின் பிடியிலிருந்து 1975 ஜூன் 25ஆம் நாள் அது விடுதலை பெற்றது. விடுதலைப் போரை நடத்திய ஃபிரலிமோ இயக்கம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. சமோரா மஷேல் முதல் குடியரசுத் தலைவரானார். அண்டை நாடாகிய ரொடீஷியாவில் அன்று சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி நடந்தது. அவ்வாட்சியை எதிர்த்த போராளிகளுக்கு மொசாம்பிக் அடைக்கலம் தந்தது. அதற்குப் பதிலடியாக ரொடீஷியாவின் உளவுத் துறை வளர்த்துவிட்ட படையே ரெனாமோ. 1980இல் ரொடீஷியா ஜிம்பாப்வேயாக மாறியதும், தென்னாப்பிரிக்காவின் இனவெறி அரசு அப்படையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது உண்மை. ஆனால் ஊர் ஏன் இரண்டுபட்டது என்பதையும் நாம் கேட்க வேண்டும். புதிய அரசு கிராமத் தலைவர்களின் பழைய அதிகாரத்தைப் பறித்தது. சிதறி வாழ்ந்த உழவர்களைப் பொதுக் குடியிருப்புகளில் கொண்டுவந்து சேர்க்க முயன்றது. மாற்றுக் கட்சிக்கு இடமில்லை. இதனால் எழுந்த மனக்கசப்பே ரெனாமோ உள்நாட்டில் வேரூன்ற நிலமாயிற்று.

பதினாறு ஆண்டுக் காலப் போரில், நேரடியாகவும் பசியாலும் நோயாலும் மாண்டவர் பத்து இலட்சம் வரை இருக்கலாம் எனக் கணக்கிடுகின்றனர். பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் தீக்கிரையாயின. சிறுவர்கள் கடத்தப்பட்டு, ஆயுதம் ஏந்தும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அண்டை நாடுகளில் அகதிகளாயினர். மலாவி என்னும் சின்னஞ்சிறு நாடு மட்டும் ஏறக்குறைய பத்து இலட்சம் பேருக்குச் சோறிட்டது.

தென்னாப்பிரிக்காவுடன் 1984இல் செய்துகொண்ட இன்கோமாட்டி ஒப்பந்தம் போரை நிறுத்தவில்லை. 1986இல் மஷேல் விமான விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜோவாகிம் சிஸ்ஸானோ, 1990இல் பல கட்சி முறையை ஏற்கும் புதிய அரசியல் சட்டத்தைக் கொணர்ந்தார். வல்லரசுகளின் பனிப்போர் முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் மண்டேலா விடுதலையானார். இரு தரப்புக்கும் வெளியுதவி வற்றியது. அதற்கு மேல் 1991-92இல் கொடிய வறட்சி வந்தது. கொள்ளையிடவும் களஞ்சியத்தில் தானியமில்லை என்ற நிலையில் இரு தரப்பினரும் களைத்துப்போயினர்.

ரோமாபுரியில் சான்ட் எஜிடியோ என்னும் கத்தோலிக்கச் சமூகத்தார் 1990 ஜூலை முதல் இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசவைத்தனர். அவர்களிடம் படையும் இல்லை, பண பலமும் இல்லை. பொறுமை ஒன்றே இருந்தது. பெய்ரா நகரத்துப் பேராயர் ஜெய்மி கொன்சால்வெஸ் நடுவர்களுள் ஒருவராக விளங்கினார். இரண்டாண்டுக்கு மேல் நீண்ட பேச்சின் முடிவில், 1992 அக்டோபர் 4ஆம் நாள், சிஸ்ஸானோவும் ரெனாமோ தலைவர் அஃபோன்சோ டிலாகாமாவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர்.

அந்த வேளையில்தான் மேற்குக் கரையில், அங்கோலாவில், ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. அங்கும் போர் நின்று, 1992 செப்டம்பர் இறுதியில் தேர்தல் நடந்தது. ஐக்கிய நாடுகள் சபை அனுப்பியவர்களோ சுமார் 350 இராணுவப் பார்வையாளர்கள் மட்டுமே. படைகளைக் கலைக்கும் வேலை முடியுமுன்னரே வாக்கெடுப்பு நடந்துவிட்டது. தோல்வியை ஏற்க மறுத்த சவிம்பியிடம் படை அப்படியே இருந்தது. அவர் மீண்டும் போரில் இறங்கினார். அந்த நெருப்பு அணைய 2002ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்பாடத்தை மொசாம்பிக்கில் மறவாமல் கடைப்பிடித்தனர். 1992 டிசம்பர் 16ஆம் நாள் பாதுகாப்புச் சபை அமைதி காப்புப் படையை நியமித்தது. 6,000க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தனர். பங்களாதேஷ், இத்தாலி, உருகுவே, ஜாம்பியா, போட்ஸ்வானா முதலிய நாடுகளுடன் நம் இந்திய நாட்டுப் பொறியியல் படையினரும் அவர்களுள் இருந்தனர். துறைமுகங்களை உள்நாட்டுடன் இணைக்கும் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் அவர்கள் காத்தனர். இப்பணிக்குத் தலைமை தாங்கிய இத்தாலியர் ஆல்டோ அயெல்லோ, முதலில் படைகள் கலைய வேண்டும், பின்னரே தேர்தல் என்பதில் உறுதியாக நின்றார். ஓராண்டில் நடக்கவிருந்த தேர்தலை அதற்காக 1994 அக்டோபர் வரை தள்ளிவைத்தனர்.

நாடெங்கும் 49 முகாம்களில் வீரர்கள் கூடி ஆயுதங்களை ஒப்படைத்தனர். படையிலிருந்து விலகிய 75,000க்கும் மேற்பட்டோருக்கு இரண்டாண்டுக் காலத்துக்கு உதவித் தொகை வழங்க ஏற்பாடாயிற்று. துப்பாக்கி பிடித்த கைக்கு வேறு பிழைப்பு வேண்டுமல்லவா? ரெனாமோ அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே ஒரு நிதி திரட்டப்பட்டது. கலகம் செய்தவருக்குப் பரிசா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் காட்டில் ஒரு படையைக் காப்பதைவிட நகரில் ஒரு கட்சியைக் காப்பது நாட்டுக்கு மலிவான செலவென்பதை அயெல்லோ உணர்ந்திருந்தார்.

தேர்தலின் தலைநாளன்று டிலாகாமா போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். நாடு திடுக்கிட்டது. அண்டை நாட்டுத் தலைவர்களும் அயல்நாட்டுத் தூதர்களும் வற்புறுத்தவே அவர் திரும்பிவந்தார். வாக்கெடுப்பு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. மக்களோ அவருடைய மனமாற்றத்துக்குக் காத்திராமல் விடியற்காலை முதலே வரிசையில் நின்றிருந்தனர். சிஸ்ஸானோ 53 விழுக்காடும் டிலாகாமா 33 விழுக்காடும் வாக்குப் பெற்றனர். 250 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஃபிரலிமோ 129 இடங்களையும் ரெனாமோ 112 இடங்களையும் வென்றன. தோற்றவர் முடிவை ஏற்றார். அயல்நாட்டுப் படை 1995 தொடக்கத்தில் விடைபெற்றது.

படைகள் செய்யாத பணியொன்றைக் கிராமத்தார் தாமே செய்துகொண்டனர். போரிலிருந்து திரும்பிய இளைஞர்களை ஊரின் பாரம்பரிய வைத்தியர்கள் சடங்கு செய்து நீராட்டி, இறந்தோரின் ஆவிகளிடம் பொறுத்தருள வேண்டி, வீட்டில் சேர்த்தனர். எந்தப் பாதுகாப்புச் சபைத் தீர்மானத்திலும் இடம்பெறாத சமாதானம் அது.

இனி, குறைகளை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. காவலுக்கு வந்தோரிற் சிலர் சிறுமியரைப் பாழ்படுத்தினர் என்ற செய்தி, கிராசா மஷேல் அம்மையார் 1996இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த அறிக்கையில் இடம்பெற்றது. வேலியே பயிரை மேய்ந்த கொடுமை அது. 30,000 பேர் கொண்ட பொது இராணுவம் திட்டமிடப்பட்டது. சேர முன்வந்தவர் சுமார் 12,000 பேரே. வாங்கிய ஆயுதங்களில் பெரும்பகுதி அழிக்கப்படவில்லை. புதைத்து வைத்தவை புதைந்தே கிடந்தன.

எல்லாவற்றினும் பெரிய குறை, ஆட்சியில் பங்கின்மை. ரெனாமோ பெருவாக்குப் பெற்ற நடு மாநிலங்களிலும் ஆளுநர்களைத் தலைநகரே நியமித்தது. இக்குமுறல் உள்ளே கனன்று, 2013இல் மீண்டும் துப்பாக்கிச் சூடாக வெடித்தது. டிலாகாமா 2018இல் காலமானார். அவருக்குப் பின்வந்த தலைமையுடன் 2019 ஆகஸ்டில் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. ரெனாமோவின் கடைசிப் படைத்தளம் 2023இல் மூடப்பட்டது. ரோமாபுரியில் தொடங்கிய வேலை முடிய முப்பதாண்டு ஆயிற்று! இதனிடையே வடக்கே காபோ டெல்காடோ மாநிலத்தில் 2017இல் வேறொரு கிளர்ச்சி மூண்டது. 2021இல் ருவாண்டா நாட்டுப் படையும் தென் ஆப்பிரிக்க வட்டார நாடுகளின் கூட்டுப் படையும் வந்து சேர்ந்தன. வட்டாரப் படை 2024இல் திரும்பிச் சென்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அயல்நாட்டுக் காவல் ஒரு முட்டுக்கொம்பு போன்றது. சாய்ந்த வாழையை அது சிறிது காலம் தாங்கும்; வேர்விடும் வேலையை வாழையே செய்ய வேண்டும். போதிய படையும், போதிய காலமும், போதிய பொருளும் தந்தால் அந்நியர் துப்பாக்கிகளை மௌனமாக்கலாம். அந்த மௌனத்தை நீதியால் நிரப்புவது அந்நாட்டாரின் கடமை. தோற்றவனுக்கும் ஓரிடம் உண்டு என்ற உறுதி இல்லாத வீட்டில், வாயிலில் எத்தனை காவலரை நிறுத்தினாலும் உறக்கம் வாராது.