குடும்ப வீடியோ டிவிடிகளைக் கோப்பாக மாற்றுதல்

குடும்ப விசேஷங்களைப் பதிவு செய்த டிவிடி, விசிடி தட்டுகளிலிருந்து படத்தையும் ஒலியையும் எடுத்து, கணினியிலும் கைபேசியிலும் ஓடும் கோப்பாகச் சேமிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாகப் பெங்களூரு சிவாஜிநகரைப் பார்க்கலாம். அது 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்டை ஒட்டி வளர்ந்த பகுதி. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 2000-க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புனித மரியன்னை பசிலிக்காவின் செப்டம்பர் 8 தேர்பவனி என்று அந்த வீடுகளின் நினைவுகளில் பெரும்பங்கு தட்டுகளில்தான் இருக்கிறது. அவற்றைக் கோப்பாக்க மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் தட்டைப் போட்டதும் நேரே எம்பி4 ஆக்கிவிட்டு வேலை முடிந்ததென்று விடுவது தவறு. முதலில் தட்டில் உள்ளதை உள்ளபடியே நகலெடுக்க வேண்டும். வடிவ மாற்றம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இந்த வரிசை என்பது தட்டின் தன்மையிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் தகவல் ஆலையிலேயே அச்சாகப் பதிந்துவிடும். வீடியோக்காரர் எழுதித் தந்த டிவிடியிலோ கரிமச் சாயப் படலம் ஒன்றை லேசர் சுட்டு எழுதியிருக்கும். அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல மெல்லக் கெடும். கெடுவது கண்ணுக்குத் தெரியாது; தட்டிலேயே உள்ள பிழைதிருத்த ஏற்பாடு சிறு பிழைகளைச் சரிசெய்துகொண்டே வரும். அதன் வரம்பு தாண்டிய பிறகுதான் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி திக்கும். கருவிகளும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 டிவிடி ஓட்டும் வசதியை இயல்பாகத் தருவதை நிறுத்தியது. மடிக்கணினிகளிலிருந்து டிவிடி டிரைவே மறைந்துவிட்டது. படம் எடுத்த மூல டேப் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இல்லை. காலமாகிவிட்ட ஒரு பாட்டியின் குரல் அந்த ஒரே தட்டில் மட்டும் இருக்குமானால், அதைக் காப்பாற்றும் வேலை தள்ளிப்போடத் தக்கதல்ல.

யு.எஸ்.பி.யில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று இருந்தால் முதல் கட்டம் எளிது. தட்டைத் திறந்தால் வீடியோ டி.எஸ். என்ற கோப்புறையும் அதற்குள் வி.ஓ.பி. என முடியும் கோப்புகளும் தெரியும். வீட்டு டிவிடிகளில் சினிமா டிவிடிக்குரிய பூட்டு கிடையாது என்பதால், கோப்புறையை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம், முழுத்தட்டையும் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒற்றைக் கோப்பாக எடுத்தால் இன்னும் நல்லது. வி.ஓ.பி. கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜி.பி.க்கு மேல் போகாதபடி வெட்டப்பட்டவை. காட்சி முடியும் இடம் பார்த்து வெட்டியவை அல்ல. ஆகவே அவற்றைத் தனித்தனியே மாற்றினால் மந்திரம் பாதியில் அறுந்து, அடுத்த கோப்பில் மீதி வரும். இணைப்பில் வாயசைவும் ஒலியும் பிசகும். மேக்எம்கேவி போன்ற மென்பொருள் அவற்றைக் கோத்து, படத்தின் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், ஒரே எம்.கே.வி. கோப்பாகத் தந்துவிடும். விசிடி வேறு சாதி. அதில் படம் டேட் கோப்பாக, பிழைதிருத்தம் குறைந்த முறையில் எழுதப்பட்டிருப்பதால் சாதாரண ஐ.எஸ்.ஓ. நகல் அதற்குச் சரிவராது. ‘பின்’, ‘க்யூ’ என்ற இரட்டைக் கோப்பாக எடுக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம் பார்ப்பதற்கான பிரதி. ஹேண்ட்பிரேக் 2003 முதல் வளர்ந்துவரும் திறமூல மென்பொருள். இதற்கு அதுவே போதும். கவனம் வேண்டியது இரண்டு இடங்களில். இந்திய டிவிடிகள் பால் முறையைச் சேர்ந்தவை. நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதி. இதைச் சரிசெய்யாமல் விட்டால், மாலை மாற்றும் கை அசையும்போது விளிம்பில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியும். டீ-இன்டர்லேஸ் வடிகட்டியைப் பாப் முறையில் இயக்கி, நொடிக்கு 50 படமாக எடுத்தால் அசைவு வழவழப்பாக வரும். அடுத்தது உருவ விகிதம்: தட்டில் 720க்கு 576 என இருப்பதை அப்படியே காட்டினால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒடுங்கித் தெரிவார்கள், பழைய டிவி விகிதப் படத்தை 768க்கு 576 ஆக விரிக்க வேண்டும். எச்.264 வடிவில், தர எண் 18 முதல் 20 வரை வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இரண்டு பிரதி வைத்தால் இடம் அடைக்காதா என்று கேட்கலாம். ஒரு டிவிடி 4.7 ஜி.பி.; இருபது தட்டு நிறைந்திருந்தாலும் மூல நகல்கள் 94 ஜி.பி.தான், 128 ஜி.பி. பென் டிரைவில் அடங்கும். பென் டிரைவும் கெடுமே என்பது நியாயமான கேள்வி. கெடும். ஆனால் கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் தரம் குறையாது. ஒன்றை ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்துவிடலாம். ‘எச்.டி. தரத்துக்கு மாற்றித் தருகிறோம்’ என்னும் விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். முழு எச்.டி. சட்டத்தில் டிவிடியைவிட ஐந்து மடங்கு புள்ளிகள்; ஐந்தில் நான்கு கணினியின் ஊகமாகவே இருக்கும். டிவியே திரையில் ஓட்டும்போது இதைச் செய்துகொள்ளும். இலவசமாக மாற்றித் தரும் இணையத்தளங்களும் வேண்டாம்: குழந்தைகள், பெண்கள் உள்ள வீட்டுப் படத்தை முகம் தெரியாதவர் கணினிக்கு அனுப்ப எந்தத் தேவையும் இல்லை.

வீடியோக்காரர் எடுத்த படத்தை நாமே நகலெடுப்பது முறையா என்ற தயக்கமும் உண்டு. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பின்னணியில் ஒட்டிய சினிமாப் பாட்டு மட்டும் இசை நிறுவனத்துடையது. யூடியூபில் ஏற்றினால் தடை வருவது அதனால்தான்.

ஓடாத தட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, வேறு டிரைவில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சாதாரணம். அதிலும் முடியாவிட்டால் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைத் திரும்பத் திரும்ப முயலும். கைக்கேமராவில் எழுதிய 8 செ.மீ. சிறு டிவிடியைக் கணினி காலித் தட்டு என்று காட்டினால், பெரும்பாலும் அது ‘ஃபைனலைஸ்’ செய்யப்படாமல் விடப்பட்டது. அதே மாதிரிக் கேமரா ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் போட்டு முடித்தால் படம் வந்துவிடும்.